தூய கைகள்

செகந்திராபாத்தின் வடக்கே, படைமுகாமை ஒட்டி வளர்ந்த ஊர் போலாரம். இங்குத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. விளையாடிவிட்டு வீடு திரும்பும் சிறுவர்களிடம், “கைகால் கழுவிவிட்டு உள்ளே வா” என்று பாட்டிமார் கூறுவது வழக்கம். கையில் அழுக்கே தெரியவில்லையே, ஏன் கழுவ வேண்டும் என்று சிறுவர்கள் எண்ணக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாதது இல்லாதது ஆகாது. இவ்வுண்மைக்குப் போலாரத்திற்கு அருகிலேயே சான்று உண்டு. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில், படை மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20 அன்று கொசுவின் வயிற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். அதில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மலேரியா பற்றிய ஆய்வுக்காக 1902ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். மலேரியாவைக் கொசு பரப்புகிறது. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு போன்ற நோய்களின் கிருமிகளோ நீர், உணவு ஆகியவற்றோடு நம் கைகள் வழியாகவும் பரவுகின்றன.

கைகளின் இப்பங்கை, கிருமியைக் காணாமலேயே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. ராஸின் கண்டுபிடிப்புக்கு 50 ஆண்டுகளுக்கு முன், வியன்னா நகர மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்பவரே அவர். அங்குப் பிணங்களை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்களும் மாணவர்களும், பின்னர் மகப்பேற்றுப் பிரிவுக்குச் சென்று தாய்மார்களைத் தொட்டனர். 1847 ஏப்ரலில் அப்பிரிவில் 100 தாய்மார்களுக்கு 18 பேர் வீதம் இறந்தனர். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பின்னரே உள்ளே வருதல் வேண்டும் என்று மே மாதத்தில் அவர் விதித்தார். ஜூன் மாதத்தில் இறப்பு 100க்கு 2 ஆகக் குறைந்தது. ஆயினும், மருத்துவரின் கையே நோயைத் தருகிறது என்பதைப் பலர் ஏற்க மறுத்தனர். 1865இல் அவர் மறைந்த பின்னரே உலகம் அவ்வுண்மையை உணர்ந்தது.

வெறும் நீரால் கழுவினால் போதாதா? போதாது. நம் தோலில் எண்ணெய்ப்பசை உண்டு. கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பின் நுண்துகளுக்கு இரு முனைகள் உள்ளன. ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். ஆகவே கைகளைத் தேய்த்துக் கழுவும்போது, எண்ணெய்ப்பசையும் கிருமிகளும் நீரோடு நீங்குகின்றன. கொரோனா போன்ற நச்சுயிரிகளின் கொழுப்புறையையும் சோப்பு சிதைத்துவிடும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் ஆகியவற்றை 20 நொடிகளேனும் தேய்த்தல் வேண்டும்.

எல்லா நுண்ணுயிரிகளும் பகைவர் அல்ல. பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிரியே. எனவே, மண்ணில் விளையாட அஞ்ச வேண்டியதில்லை. விளையாடிய பின்னும், கழிவறைக்குச் சென்று வந்த பின்னும், உண்ணும் முன்னும் கழுவினால் போதும்.

நாம் சோற்றைக் கையால் பிசைந்து உண்கிறோம். அதே கையால் தம்பிக்கும் தங்கைக்கும் ஊட்டுகிறோம். ஆகவே, கைகளைத் தூய்மையாக வைத்திருப்பது நம்மை மட்டுமன்றி நம் வீட்டிலுள்ள சிறு குழந்தைகளையும் காக்கும்.

சொற்பொருள்
நுண்ணோக்கி – மிகச் சிறியவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
மகப்பேறு – குழந்தை பெறுதல்
நச்சுயிரி – வைரஸ்
நகக்கண் – நகமும் சதையும் சேருமிடம்

சிந்தித்து எழுதுக
1. செம்மல்வெய்ஸின் கருத்தைப் பலர் ஏற்க மறுத்தது ஏன்?
2. சோப்பு கிருமிகளை எவ்வாறு நீக்குகிறது?