உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

உங்கள் வீட்டில் படிப்பை முடித்த மகனோ மகளோ வேலைக்குக் காத்திருந்தால், இக்கட்டுரையை அவர்களிடம் கொடுப்பதற்கு முன்பு நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு வீட்டுப் பெரியவர்களாகிய நாமும் ஒரு காரணம் என்பதைச் சற்றுத் தாமதமாகத்தான் நான் உணர்ந்தேன்.

புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருவாசியான நண்பர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகள் பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கர் பணிக்கு அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள். தகப்பனாரும் உடன் சென்று அறை வாசல் வரை துணை நின்றார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அத்தாவின் பெயர், சாரத்தில் வீடு, உடன்பிறந்தோர் மூவர், பி.காம். தேர்ச்சி, இத்துடன் அவள் சொல் முடிந்துவிட்டது. "முன் அனுபவம் உண்டா?" என்றதற்கு "இல்லை" என்றாள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள்.

அனுபவம் இல்லையா? கல்லூரியில் கால் வைத்த நாள் முதல் அந்தக் கடையின் பற்று வரவு முழுவதையும் எழுதி வருபவள் அவள்தான். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவளும் அவளே. இதை ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் வேலையா, மாமா? அத்தாவுக்குச் செய்கிற ஒத்தாசைதானே. அதைப் போய்ப் பெருமையாகச் சொல்வார்களா?" என்றாள்.

அந்தப் பதிலில் அவள் வளர்ந்த வீட்டின் நல்லொழுக்கம் தெரிகிறது. வேலை கைநழுவிப் போன காரணமும் அதே பதிலில்தான் இருக்கிறது. பெருமை பேசாதே, பெரியவர்கள் முன் வாய் திறக்காதே என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். தற்பெருமை வேறு, தன் தகுதியை உள்ளபடி எடுத்துரைப்பது வேறு என்பதை மட்டும் சொல்லித் தர மறந்துவிடுகிறோம். யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அறியாத வீடு நம்மிடையே உண்டா? எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பை அவர்கள் தாமே கேட்டார்கள். பாதுகாக்கும் திறமும் அதற்குரிய அறிவும் தம்மிடம் உண்டென்று காரணமும் கூறினார்கள். வம்சப் பெருமையை அங்கே அவர்கள் முன்வைக்கவில்லை.

குலமும் ஊரும் கேட்டு முடித்துவிடும் நேர்முகத் தேர்வுகள் குறித்து நம் உச்சநீதிமன்றமே ஆராய்ந்ததுண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் 1980 நவம்பரில் தீர்ப்பு வந்தது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத்துக்கு 50 என்று அங்கே வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நிமிடமே பேசினார்கள், அதுவும் பெற்றோர், வசிப்பிடம் பற்றியே கேட்டார்கள் என்பது மாணவர்களின் முறையீடு. மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்முகத்துக்கு ஒதுக்குவது நியாயமாகாது என்று நீதிமன்றம் கூறியது. பேச்சை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. ஆனால் தனியார் நிறுவனத்தில் இப்படியொரு வரம்பை நாம் எதிர்பார்க்க முடியாது. கிடைக்கும் சில நிமிடங்களை அத்தாவின் பெயரிலும் தெருவின் பெயரிலும் கழித்துவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

அரசுப் பணியில் நிலைமை மாறியிருப்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் 'பி' பிரிவில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கைவிடப்பட்டது. 23 மாநிலங்களும் 8 யூனியன் பிரதேசங்களும் இம்முறையைப் பின்பற்றியிருப்பதாக மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் 2020 அக்டோபரில் தெரிவித்தார். ஆகவே எழுத்தர் வேலைக்கு நேர்முகத்தில் 'சொல்லி வைக்கிறேன்' என்று பணம் கேட்டு யாரேனும் வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உயர் பதவிகளுக்கு நேர்முகம் தொடர்கிறது. குடிமைப் பணித் தேர்வில் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்குரியது. அதைத் தமிழிலும் சந்திக்க இடமுண்டு. அந்தக் குழுவினர் பாடப் புத்தகத்தை மறுபடி ஒப்பிக்கச் சொல்வதில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய ஊர், படிப்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள். ஊர் புதுச்சேரி என்று எழுதிய பிள்ளைக்கு, 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறிய பின்னும் சட்டப்படியான இணைப்பு ஏன் 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டாமா? காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவை எங்கெங்கே இருக்கின்றன என்றாவது தெரிய வேண்டும்.

இனி ஆயத்தம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நீ செய்து முடித்த மூன்று காரியங்களைத் தாளில் எழுது. நிலைமை என்னவாக இருந்தது, நீ என்ன செய்தாய், முடிவு என்னவாயிற்று என்று ஒவ்வொன்றையும் ஒன்றரை நிமிடத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. மனத்துக்குள் படிப்பது போதாது, நாக்கு பழக வேண்டும். அவள் முதலில் எழுதிய காரியம் இது: சரக்கு விற்ற ஒரு வணிகர் தம் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்யாததால், கடைக்குச் சேர வேண்டிய உள்ளீட்டு வரி வரவு நின்று போயிருந்தது. பட்டியல்களை ஒப்பிட்டு அதைக் கண்டுபிடித்ததும், அந்த வணிகரைத் தொலைபேசியில் விடாது கேட்டுத் தாக்கல் செய்ய வைத்ததும் அவளே. கணக்கர் வேலைக்கு இதைவிட வேறென்ன அனுபவம் வேண்டும்?

ஒரு வாரம் இரவு உணவுக்குப் பின் அவள் அத்தாவே அதிகாரியாக அமர்ந்து கேள்வி கேட்டார். முதல் இரண்டு நாள் அவரே பதிலும் சொல்லிவிட்டார் என்பது வேறு கதை. தெரியாத கேள்விக்குத் 'தெரியவில்லை' என்று தயங்காமல் சொல்லப் பழக்கினோம். மழுப்பலை அனுபவமுள்ள அதிகாரி உடனே கண்டுகொள்வார். மேசைக்கு அந்தப் பக்கம் சில ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

சான்றிதழ்களில் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். முகம்மது என்னும் பெயரை ஆங்கிலத்தில் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் எழுதுவது நம் வீடுகளில் சாதாரணம். தலைப்பெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைய இயலாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது எத்தனை குடும்பங்கள் பதறின! திருத்தத்துக்கு நாளாகும். அழைப்புக் கடிதம் வந்தபின் ஓடுவதில் பயனில்லை.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலைமறைப்பு பற்றிக் கவலைப்படுகிறார்கள். துப்பட்டா நேர்த்தியாக, முகமும் குரலும் தெளிவாக இருந்தால் போதும் என்பது என் கருத்து. "திருமணத்துக்குப் பின் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பது முறையன்று, ஆனாலும் கேட்கிறார்கள். அதற்கு விடையை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் முடிவில்லாத விஷயத்துக்கு அவள் அங்கே எப்படிப் பதில் சொல்வாள்? வெள்ளியன்று அழைத்தால் ஜும்ஆ நேரத்தைக் குறிப்பிட்டு, முற்பகலில் நேரம் தர முடியுமா என்று முன்கூட்டியே பணிவுடன் கேட்கலாம். கேட்டதற்காக யாரும் வேலையை மறுத்ததாக நான் கண்டதில்லை.

வளைகுடா வேலைக்கு ஆள் எடுப்பவர்களிடம் மட்டும் நீங்களும் கேள்வி கேட்டாக வேண்டும். முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா? சம்பளம், உணவு, தங்குமிடம், வேலை நேரம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் உண்டா? 2017இல் திருத்திய விதிப்படி முகவர் பெறக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கட்டியவர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற அதே கேள்விதான். இம்முறை அவள் கடைக் கணக்கிலிருந்து தொடங்கினாளாம். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரி வரவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விவரம் கேட்டாராம். பேச்சு இருபத்தைந்து நிமிடம் நீண்டது. அவ்வளவு நேரமும் அவள் அத்தா எதிர்ப்புறத் தேநீர்க் கடையில்தான் இருந்தார். மூன்று தேநீர் குடித்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். கடைக் கணக்கை இப்போது அவள் தம்பி எழுதுகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சரிபார்க்கிறாள்.