தமிழ்வழி மாணவருக்கான ஆங்கில மொழித்திறன் கற்பித்தல்

தமிழ்வழி மாணவருக்கான ஆங்கில மொழித்திறன் கற்பித்தல் என்பது, தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்டு படிக்கும் மாணவர்களை ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதவும் பேசவும் பழக்கும் முறைகளைக் குறிக்கும். சொல்வளம், கதை எழுதுதல், மேடைப்பேச்சு ஆகிய மூன்றும் இதன் முதன்மைக் கூறுகள் ஆகும். இவை தனித்தனிப் பயிற்சிகளாக நடத்தப்பட்டாலும் ஒன்றை ஒன்று சார்ந்தவை. கதைக்குள் பயன்பட்ட சொல்லே நினைவில் தங்குகின்றது. கதையைச் சொல்லிப் பழகியவருக்கே மேடைப்பேச்சு எளிதாகின்றது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இதன் தேவையை உணர்த்தும் பகுதிகள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து 1995 இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001 இல் அதிலிருந்து பிரிக்கப்பட்டு, 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2011 கணக்கெடுப்பின்படி இரு மாவட்டங்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஊரகப் பகுதிகளில் வாழ்ந்தனர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் ஊர்களிலும், சிமெண்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வகுப்பறைக்கு வெளியே ஆங்கில உரையாடலைக் கேட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் ஆங்கிலம் படித்த இம்மாணவர்கள், பொறியியல் போன்ற படிப்புகளில் சேரும்போது ஏறத்தாழ எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கின்றனர். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர், தன்னை அறிமுகப்படுத்தும் நான்கு வாக்கியங்களைச் சொல்லத் தயங்குவது அரிய காட்சி அன்று.

வரலாறு

1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் அமைப்பு முறை என்ற கற்பித்தல் முறை பரவலாகப் புகுத்தப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளியதில் இருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் மனத்தில் பதியவைப்பது இதன் அடிப்படை. தொடக்கநிலை மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு இதில் மறுபயிற்சி அளிக்கத் திட்டமிடப்பட்டது. சிலருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் பலருக்கும், அப்பலர் இன்னும் பலருக்கும் பயிற்சி அளிப்பதாக இத்திட்டம் அமைந்ததால் 'மதராஸ் பனிப்பந்து' என அழைக்கப்பட்டது. உருளும் பனிப்பந்து பெருகும். ஆனால் பயிற்சி கைமாறும்தோறும் நீர்த்துப்போகும் என்பது இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிற்கும் பொருந்தும் குறை.

இம்முறைக்கு எதிர்வினையாக, சென்னையில் பிரித்தானியக் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை ஒரு செயல்திட்டத்தை நடத்தினார். பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய நகரங்களின் சில பள்ளிகளில் இது மேற்கொள்ளப்பட்டது. தொடர்வண்டிக் கால அட்டவணையைப் பார்த்து விடை காணுதல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற பணிகள் மாணவருக்குத் தரப்பட்டன. இலக்கணம் நேரடியாகக் கற்பிக்கப்படவில்லை. பொருளில் கவனம் செலுத்தும்போதே மொழியின் வடிவம் உள்ளத்தில் அமைகின்றது என்பது பிரபுவின் கருத்து. இன்று உலகெங்கும் பணிசார் மொழிக் கற்பித்தல் எனப்படும் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாக இத்திட்டம் கருதப்படுகின்றது. தமிழ்நாட்டு வகுப்பறைகளில் வேரூன்றிய ஒரு முயற்சி தமிழில் இவ்வளவு குறைவாகப் பேசப்படுவது வியப்புக்குரியது.

2000களின் பிற்பகுதியில் தமிழக அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலும், 6 முதல் 8 வரையான வகுப்புகளில் படைப்பாற்றல் கல்வியும் அறிமுகமாயின. படைப்பாற்றல் கல்வியில் மாணவர் பாடத்தைத் தாமே படித்து, அறியாத சொற்களை அடிக்கோடிட்டு, கருத்துகளை மனவரைபடமாக வரைந்து, குழுவில் கலந்துரையாடி, சுருக்கம் எழுதி, வகுப்பின் முன் வழங்குவர். சொல்லில் தொடங்கிப் பேச்சில் முடியும் வரிசை இதிலேயே உள்ளது. 2022 இல் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் தமிழ், கணக்கு ஆகியவற்றுடன் ஆங்கிலம் இடம்பெற்றது.

சொல்வளம்

எத்தனை சொற்கள் தேவை என்ற கேள்விக்கு விடை காண முயன்றவர்களுள் மைக்கேல் வெஸ்ட் முக்கியமானவர். டாக்காவில் பணியாற்றிய இவர் 1953 இல் வெளியிட்ட பட்டியலில், மிகுதியாகப் பயன்படும் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் உள்ளன. பால் நேஷன் 2006 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொது வாசிப்பு நூல்களைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்களும், பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரையும் வேண்டும். முதல் 2,000 சொற்களே எந்தப் பனுவலிலும் பெரும்பகுதியை நிரப்புவதால், அவற்றை ஐயமறக் கற்பித்த பின்னரே அரிய சொற்களுக்குச் செல்வது பயனுடையது. பள்ளிக் கரும்பலகையில் 'இன்றைய சொல்' என எழுதப்படும் கடுஞ்சொற்கள் பெரும்பாலும் மறுநாளே மறக்கப்படுகின்றன.

தமிழ் மாணவர் வெறுங்கையுடன் தொடங்குவதில்லை. பஸ், டிக்கெட், சைக்கிள், லாரி, லோடு எனப் பல ஆங்கிலச் சொற்கள் பேச்சுத் தமிழில் கலந்துள்ளன. ஆனால் சில சொற்களின் பொருள் தமிழில் மாறியுள்ளது. மின்சாரத்தைக் குறிக்கும் 'கரண்ட்', உணவகத்தைக் குறிக்கும் 'ஹோட்டல்', வெயில் கண்ணாடியைக் குறிக்கும் 'கூலிங் கிளாஸ்' ஆகியவை எடுத்துக்காட்டுகள். இவற்றைத் தொகுத்து ஒப்பிடுவது நல்ல முதற்பாடமாக அமையும்.

அடுத்த சிக்கல் சொற்சேர்க்கை ஆகும். தமிழில் சட்டை போடுகிறோம், விளக்கைப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், சத்தமும் போடுகிறோம். ஆங்கிலத்தில் இவை முறையே புட் ஆன், சுவிட்ச் ஆன், டிரா, ஷவுட் என நான்கு வெவ்வேறு வினைகள். 'போடு' என்பதற்கு 'புட்' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் 'புட் தி லைட்' என எழுதுவார். எனவே சொல்லைத் தனியாக அன்றி, அது சேர்ந்துவரும் சொல்லுடன் குறித்துவைப்பது நன்று.

குறிப்புகளைக் கதையாக விரித்தல்

தமிழ்நாட்டுப் பள்ளி ஆங்கிலத் தேர்வுகளில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் வினா வகை, குறிப்புகளை விரித்துக் கதை எழுதுதல் ஆகும். "விவசாயி - நான்கு மகன்கள் - எப்போதும் சண்டை - குச்சிக் கட்டு - உடைக்க இயலவில்லை" என்பது போலக் குறிப்புகள் கோடிட்டுத் தரப்படும். மாணவர் செய்யவேண்டியது அக்கோடுகளை நிரப்புவதே. கோடுகளில் மறைந்திருப்பவை வினைமுற்று, இறந்தகாலம், இணைப்புச்சொல், ஏ, தி போன்ற சுட்டுச்சொற்கள் ஆகியன. தமிழில் 'ஒரு விவசாயி இருந்தார்' என வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் அது முன்னே வரவேண்டும். தமிழில் இல்லாத 'தி' எப்போது வரும் என்பது பலருக்கு இறுதிவரை குழப்பமே. கதை இதற்கு நல்ல களம்: முதன்முறை 'ஏ ஃபார்மர்', அடுத்த வாக்கியத்தில் 'தி ஃபார்மர்'.

நடைமுறையில் மாணவர் பலர் சில கதைகளை வழிகாட்டி நூல்களில் இருந்து மனப்பாடம் செய்கின்றனர். தேர்வில் வேறு கதை வந்தால், குறிப்புகளையே கோடுகளுடன் படியெடுத்து வைப்பதும் உண்டு. இதைத் தவிர்க்க, கதையை முதலில் தமிழில் வாய்மொழியாகச் சொல்லவைத்து, பின் அதன் வினைகளை மட்டும் ஆங்கில இறந்தகாலத்தில் பலகையில் எழுதி, வாக்கியத்தை ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லச் செய்யலாம். பின்னர் கதையில் ஒன்றை மாற்றவேண்டும்: ஒரு மகன் குச்சிகளை உடைத்துவிட்டால் என்ன ஆகும்? மனப்பாடம் உதவாத இடத்தில்தான் எழுத்து தொடங்குகின்றது.

உள்ளூர்ப் பொருளில் இருந்தும் குறிப்புகள் உருவாக்கலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் உள்ளது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் இதனை 1940 இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அறிவித்தார். "மரம் - கடலில் விழுந்தது - மணலில் புதைந்தது - கல்லானது - கடல் விலகியது" என ஐந்தே குறிப்புகளில் ஒரு கதை கிடைக்கின்றது. அதற்கு வழிகாட்டி நூலில் விடை இராது.

மேடைப்பேச்சு

தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் பெரியவர் எழுதித் தந்த உரையை அடுக்குமொழியுடன் ஒப்பிப்பது பரவலான வழக்கம். அவ்வழக்கம் ஆங்கிலத்துக்கு மாற்றப்படும்போது, ஒரு வரி மறந்தால் பேச்சு முழுவதும் நின்றுவிடுகின்றது. மாறாக, மூன்று குறிப்புச்சொற்கள் மட்டும் எழுதிய சிறுதாளுடன் ஒரு நிமிடம் பேசுவது பயன்தரும். 1924 இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில், ஆயத்தமின்றி ஓரிரு நிமிடம் பேசும் பகுதியும், நேரம் குறிப்பவர், தயக்க ஒலிகளை எண்ணுபவர் போன்ற பொறுப்புகளும் உள்ளன. இவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை, கைக்கடிகாரம் போதும். பட்டிமன்ற முறையும் ஏற்றது, ஏனெனில் எதிரணிக்கு விடை சொல்லும்போது ஒப்பிக்க முடியாது.

ஒலிப்பில், தமிழில் ககரம் ஒன்றே இரு ஒலிகளுக்கும் நிற்பதால் 'கோட்' என்ற எழுத்து மேற்சட்டையா ஆடா எனக் காட்டுவதில்லை. சொல்லழுத்தமும் கவனிக்கத்தக்கது: 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையிலும் 'ஃபொட்டோகிராஃபர்' என்பதில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும்.

மேல்நிலைத் தேர்வில் கேட்டல், பேசுதல் திறன் தேர்வு நடத்தப்பட்டதுண்டு. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வோ எழுத்துத் தேர்வாகவே உள்ளது. ஆகவே அவ்வாண்டில் பேச்சுக்கு நேரம் ஒதுக்கப்படுவது அரிது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் சில மணித்துளிகளே பல பள்ளிகளில் எஞ்சும் மேடை. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் 45 நிமிடப் பாடவேளையை முழுதும் பகிர்ந்தாலும் ஒருவருக்கு ஒரு நிமிடமே கிட்டும். இருவர் இருவராகப் பேசவைத்தால் பாதி வகுப்பு ஒரே நேரத்தில் பேசும். மாணவர் ஒருவர் பிழையை மற்றவர் பழகிவிடுவர் என அஞ்சிப் பிரபு தம் திட்டத்தில் குழுப்பேச்சைத் தவிர்த்தார். எனினும் ஆங்கிலம் பேசும் வாய்ப்பே கிட்டாத ஊர்களில், பிழையுடன் பேசும் இருபது நிமிடம் பேசாத ஓராண்டைவிட மேலானது எனலாம்.