சென்சரை மாற்ற முதல் வயரைப் பாருங்கள்

1990களில், யாழ்ப்பாணத்தின் எரிபொருள் தடைக் காலத்தில், நெல்லியடிச் சந்தியால் போன பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுப்பார்கள். எஞ்சின் குளிரா, சூடா என்று பார்த்து எரிபொருள் கொடுத்தது சாரதியின் கை. இன்று அதைப் பார்த்துச் சொல்வது கூலன்ற் சென்சர்.

அதற்குள் இருக்கும் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். டொயோட்டா கார்கள் பலவற்றில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம். 80 பாகையில் வெறும் 200 முதல் 400 ஓம். எஞ்சின் கொம்பியூட்டர் ஒரு வயரில் 5 வோல்ற் கொடுத்து, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துச் சூட்டை அறிகிறது. மற்ற வயர் ஏர்த்.

வயர் அறுந்தால் ஸ்கானர் -40 பாகை காட்டும், கோட் பி0118. சிக்னல் வயர் ஏர்த்தில் முட்டினால் 140 அளவில் நிற்கும், பி0117. நெல்லியடியில் -40 பாகை வர வழியே இல்லை. ஆனாலும் அதைக் கண்டதும் சென்சரை வாங்க ஓடுகிறவர்கள்தான் அதிகம். காசு வீணாவது அங்கேதான்.

இரண்டு வயர் சென்சர் என்றால் இப்படிச் செய்யுங்கள். பிளக்கைக் கழற்றிச் சாவியைப் போடுங்கள்: -40 வரவேண்டும். வராமல் 140இலேயே நின்றால் சிக்னல் வயர் எங்கோ உரசி பொடியில் முட்டுகிறது. அடுத்து பிளக்கின் இரு முனைகளையும் சிறு வயரால் இணையுங்கள்: 140க்கு ஏறவேண்டும். இரண்டும் சரிவந்தால் வயரில் பிழையில்லை, சென்சரை மாற்றலாம். ஏறாவிட்டால் சிக்னல் முனையை எஞ்சின் பொடியில் தொடுங்கள். அப்போது ஏறினால் ஏர்த் வயர் அறுந்திருக்கிறது. அப்போதும் ஏறாவிட்டால் 5 வோல்ற் வருகிறதா என்று மீற்றரால் பாருங்கள். பிளக்கின் ஊசிகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும், கடற்காற்று பக்கத்தில்தானே.

கோட் வராமலே சென்சர் பிழையான சூட்டைச் சொல்வதும் உண்டு. அப்போது காலையில் ஸ்ராட் எடுக்கச் சுணங்கும், அல்லது கறுப்புப் புகை வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். அதை றேடியேற்றருக்கு விட்டு, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படை சென்சரின் நுனியிலும் படிந்தால் சென்சர் சூட்டைப் பிந்தித்தான் உணரும். றேடியேற்றருக்குக் கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும் விடுங்கள். சென்சரைக் கழற்ற முதல் எஞ்சின் நன்றாக ஆறட்டும். கொதிநீர் கையில் பாயும்.