மருந்தே நஞ்சாகும்போது: இதயத்துக்கு அவகாசம் தரும் எந்திரம்



'மருந்து' என்னும் சொல்லுக்குத் தோட்டப்புறத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. நோய் தீர்க்கும் மாத்திரையும் மருந்து. செம்பனை மரங்களுக்கு இடையே புல்லைக் கருக்கும் நச்சுநீரும் மருந்து. 'மருந்து குடித்துவிட்டார்' என்று எவரேனும் சொன்னால், கெமாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோர் பதறுவது இரண்டாம் பொருளை எண்ணித்தான். ஆயினும், அளவு மீறினால் முதல்வகை மருந்தும் உயிரைப் பறிக்கும் நஞ்சாகும். அவ்வாறு நஞ்சேறி நிலைகுலைந்த இதயத்துக்கு எந்திரத்தால் துணைசெய்யும் முறையை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

'எக்மோ' என்னும் சொல் தமிழர் இல்லங்களுக்குள் நுழைந்தது 2016 டிசம்பரில். தமிழக முதல்வர் ஜெயலலிதாவுக்குச் சென்னையில் அக்கருவி பொருத்தப்பட்டது. 2020இல் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கும் பொருத்தப்பட்டது. இருவருமே பிழைக்கவில்லை. ஆதலால் எக்மோ என்றாலே இறுதிக்கட்டம் என்னும் எண்ணம் பலரிடம் பதிந்துவிட்டது. மருந்து நஞ்சேற்றத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. அதன் காரணத்தை அறிய, முதலில் கருவியின் இயக்கத்தை அறிய வேண்டும்.

எக்மோவை 'உடற்புறச் சவ்வு உயிர்வளியேற்றம்' எனத் தமிழில் சொல்லலாம். தொடையிலுள்ள பெரிய சிரையில் ஒரு குழாய் செலுத்தப்படும். அதன்வழி வெளிவரும் கருஞ்சிவப்புக் குருதியை ஒரு விசைக்குழாய் இழுத்து, மெல்லிய சவ்வு இழைகள் நிறைந்த செயற்கை நுரையீரலுக்குள் தள்ளும். அங்கே கரியமிலவளி நீங்கி உயிர்வளி சேரும். பின்னர் அக்குருதி மற்றொரு குழாய்வழி தமனிக்குள் திரும்பும். நலமுள்ள இதயம் ஓய்வுநிலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை இறைக்கிறது. இக்கருவியும் 3 முதல் 5 லிட்டர் வரை இறைக்க வல்லது. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சில நாள்களுக்கு அது தானே ஏற்றுக்கொள்கிறது.

இதன் முன்னோடி, 1953இல் அமெரிக்காவின் ஜான் கிப்பன் அறுவைச் சிகிச்சையில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய இதய நுரையீரல் எந்திரமாகும். அறுவை அரங்குக்கு வெளியே, பல நாள்கள் இயங்கும் கருவியால் வளர்ந்த ஒருவரை முதன்முதலில் காப்பாற்றியது 1971இல். 1975இல் ராபர்ட் பார்ட்லெட் ஒரு பச்சிளங்குழந்தையைக் காத்தார்.

இனி நஞ்சேற்றத்துக்கு வருவோம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் 'கால்சியத் தடுப்பி' என்பது ஒரு வகை. ஒவ்வோர் இதயத்துடிப்பின்போதும் தசை உயிரணுக்களுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அந்நுழைவாயிலைச் சற்றே ஒருக்களிப்பது மருத்துவம். முற்றாக அடைத்துவிடுவது நஞ்சேற்றம். அப்போது இதயத்துடிப்பு தளரும்; குருதிக்குழாய்கள் விரியும்; இரத்த அழுத்தம் சரியும். அழுத்தம் சரிந்தால் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் குருதி போதிய அளவு செல்லாது. உடலிலிருந்து மருந்தை அகற்ற வேண்டியவை பெரும்பாலும் அவ்வுறுப்புகளே. அவை முடங்கினால் மருந்து தங்கும். மருந்து தங்கினால் இதயம் மேலும் தளரும். இத்தீய வட்டத்தை அறுப்பதுதான் எந்திரத்தின் பணி.

கெமாஸ் மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். கிழக்குக்கரை இரயில்பாதை பிரியும் சந்திப்பு அவர்கள் ஊர். பாதையில் மண் சரிந்தால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவர். பேருந்து மண்ணை அகற்றாது. அகற்றும்வரை பயணம் நில்லாமல் காக்கும். எக்மோவும் நஞ்சை முறிப்பதில்லை. உடல் நஞ்சை வெளியேற்றும்வரை உயிரோட்டத்தைக் காக்கிறது. நஞ்சேறிய இதயம் பெரும்பாலும் பழுதுற்ற இதயமன்று, செயலிழந்து நிற்கும் இதயம். மருந்து நீங்கினால் அது மீண்டும் துடிக்கக்கூடும். நஞ்சால் நின்ற இதயத்துக்கு நெடுநேரம் மார்பழுத்த முதலுதவி செய்தபின்னும் பலர் மீண்டிருப்பது இதனால்தான்.

பிரான்சின் கான் நகர மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். மருந்து நஞ்சேற்றத்தால் கடும் அதிர்ச்சிநிலையையோ இதயநிறுத்தத்தையோ அடைந்த 62 பேரில் 14 பேர் எந்திரத் துணை பெற்றனர். அவர்களுள் 12 பேர் பிழைத்தனர். ஏனைய 48 பேரில் பிழைத்தவர் 23 பேர். சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதுமன்று. எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியாவில் லூதியானா நகர மருத்துவர்கள், தானியக்கிடங்கில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு நஞ்சுக்கு இம்முறையைக் கையாண்டு உயிர்களை மீட்டுள்ளனர். அந்நஞ்சுக்கு மாற்றுமருந்து கிடையாது என்பது குறிப்பிடத்தக்கது. பிற மருத்துவம் பயன்தராத நிலையில் இம்முறையை நாடலாம் என அமெரிக்க இதயச் சங்கமும் 2023இல் வழிகாட்டியுள்ளது.

எந்திரத்துக்கும் எல்லை உண்டு. குழாய்களில் குருதி உறையாதிருக்க மருந்து தரவேண்டும். அதனால் குருதிக்கசிவு நேரலாம். காலுக்குக் குருதியோட்டம் குன்றலாம். தொற்றும் பக்கவாதமும் ஏற்படலாம். மேலும், நஞ்சு உறுப்பை நிலையாகச் சிதைத்துவிட்டால் அவகாசம் தருவதால் பயன் குறைவு. தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பாராகுவாட் களைக்கொல்லி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அங்கே தடுப்பே மருந்து. மலேசியா 1.1.2020 முதல் அதனை முற்றாகத் தடைசெய்தது, எந்த எந்திரமும் காக்க முடியாத உயிர்களைக் காக்கும் செயலாகும்.

தொலைவு மற்றோர் எல்லை. கெமாஸ் மக்களுக்கு அண்மையிலுள்ளவை தம்பின், சிகாமட் மருத்துவமனைகள். பெரிய மருத்துவமனைக்குச் சிரம்பான் செல்ல வேண்டும். எக்மோவோ கோலாலம்பூரின் தேசிய இருதயக் கழகம் போன்ற பெருநிலையங்களுக்குரிய சிகிச்சை. ஆகவே வீட்டில் கழியும் முதல் மணிநேரமே பலவற்றை முடிவுசெய்கிறது. உடனே 999ஐ அழைக்க வேண்டும். புளிக்கரைசலோ உப்புநீரோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. மாத்திரை உறையையோ புட்டியையோ உடன் கொண்டுசெல்ல வேண்டும். சில மாத்திரைகள் மெல்லக் கரைபவை. பல மணிநேரம் கழித்தே அவற்றின் வேகம் தெரியும். எனவே 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று காத்திருத்தல் பெரும்பிழை. தாத்தா பாட்டியின் மாத்திரைகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டிவைப்பதும் இதே அறிவின் பகுதி.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். அளவு மீறி மருந்து உட்கொள்வோர் எல்லாரும் தவறுதலாக உட்கொள்வதில்லை. தனிமையும் அச்சமும் தேர்வுத் தோல்வியும் சில இளையோரை அந்நிலைக்குத் தள்ளுகின்றன. வாடிய முகத்தைக் கண்டால் அருகமர்ந்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சுகாதார அமைச்சின் ஹீல் சேவை (15555), பிரெண்டர்ஸ் அமைப்பு (03-7627 2929) ஆகிய இரு தொலைபேசி எண்களையும் வகுப்பறையில் எழுதிவையுங்கள். துயரின் உச்சம் பெரும்பாலும் கடந்துபோகக் கூடியது. தளர்ந்த இதயத்துக்கு எந்திரம் தருவதும், தளர்ந்த மனத்துக்கு மனிதர் தரவேண்டியதும் ஒன்றே: அவகாசம்.