17 நாட்களுக்கு முன்பே வந்த எச்சரிக்கை: இலங்கை ஈஸ்டர் தாக்குதலில் மக்களின் கோபம் தணியாதது ஏன்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய இடங்களில் காலை வழிபாட்டுக்குக் கூட்டம் கூடியிருந்த நேரம். கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஓட்டல்களில் காலை உணவு நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்துக்குள் ஆறு இடங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

துக்கம் கோபமாக மாற ஒருநாள்கூட ஆகவில்லை. அன்றே அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ ட்விட்டரில் ஒரு கடிதத்தின் படத்தை வெளியிட்டார். ஏப்ரல் 11 தேதியிட்ட போலீஸ் கடிதம் அது. 'தாக்குதல் நடக்கலாம்' என்று 10 நாட்களுக்கு முன்பே அதில் எழுதியிருந்தது. பெரிய தேவாலயங்களுக்குப் போக வேண்டாம் என்று தன் அப்பா எச்சரித்ததாகவும் அவர் சொன்னார். இது மக்களை இன்னும் கொதிக்க வைத்தது. அமைச்சர் வீட்டுக்கு வந்த தகவல், ஆலயத்துக்குப் போன சாதாரண குடும்பத்துக்கு ஏன் வரவில்லை?

அப்படி என்னதான் இருந்தது அந்த எச்சரிக்கையில்?

உண்மையில் தகவல் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஏப்ரல் 4-ம் தேதி இந்தியாவிடமிருந்து இலங்கை அரச புலனாய்வு சேவையின் இயக்குநர் நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் போனது. தேசிய தவ்ஹீத் ஜமாஅத் அமைப்பைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமும் கூட்டாளிகளும் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறார்கள், முக்கிய தேவாலயங்களும் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமும் குறி என்று அதில் இருந்தது. ஆள் யார், இலக்கு எது, எந்த முறையில் தாக்கப் போகிறார்கள் என்று மூன்றுமே ஒரே தகவலில். உளவுத்துறைக்கு இவ்வளவு துல்லியமாக ஒன்று கிடைப்பது அபூர்வம். (2018-ல் கோவையில் கைதான சிலரிடம் சிக்கிய சஹ்ரானின் வீடியோக்கள்தான் இந்திய அதிகாரிகளுக்கு முதல் துப்பு என்று அப்போது செய்திகள் வந்தன.)

அதன்பிறகு தகவல் மேசை மேசையாக நகர்ந்தது. உளவுத்துறைத் தலைவரிடமிருந்து தேசிய புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸுக்கு. அவரிடமிருந்து ஏப்ரல் 9-ல் போலீஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கு. அவரிடமிருந்து கீழே உள்ள உயரதிகாரிகளுக்கு. ஏப்ரல் 11 கடிதம், வி.ஐ.பி.க்கள், தூதரகங்கள் போன்றவற்றின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்குப் போனது. சஹ்ரானின் சகோதரர் இரவில் எந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து போகிறார் என்பது வரை அதில் இருந்தது! யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தேவாலயங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாக்குதலுக்கு முந்தைய நாளும், அன்று காலையிலும்கூட மறுபடி எச்சரிக்கை வந்தது.

முன்பே மணி அடித்ததா?

பலமுறை அடித்தது. 2018 நவம்பர் இறுதியில் மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு போலீஸார் கொல்லப்பட்டார்கள். பழி உடனே முன்னாள் விடுதலைப் புலி ஒருவர் மீது விழுந்து, அவர் சிறைக்குப் போனார். செய்தது சஹ்ரான் குழு என்பது ஈஸ்டருக்குப் பிறகுதான் தெரிந்தது. பழைய எதிரியையே தேடிப் பழகிய கண்ணுக்குப் புதிய ஆபத்து தெரியவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் வெடிபொருள் குவியல் சிக்கியது. ஈஸ்டருக்கு ஐந்து நாள் முன்பு காத்தான்குடி அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை என்று பிறகு தெரிந்தது. இத்தனைக்கும் சஹ்ரானைப் பற்றிப் பல வருடங்களாகப் புகார் சொல்லி வந்தவர்கள் இலங்கை முஸ்லிம்களே.

மேலே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இதைப் புரிந்துகொள்ள 2018 அக்டோபருக்குப் போக வேண்டும். பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை அதிபர் மைத்திரிபால சிறிசேன திடீரென நீக்கி, மகிந்த ராஜபக்சவை உட்கார வைத்தார். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பரில் ரணில் திரும்பி வந்தார். ஆனால், இருவருக்கும் பேச்சு வார்த்தையே அற்றுப் போனது. தேசிய பாதுகாப்புக் கவுன்சில் கூட்டங்களுக்குப் பிரதமரையே கூப்பிடவில்லை. போலீஸ் மா அதிபரையும் கூப்பிடவில்லை.

பாதுகாப்பு அமைச்சகமும் போலீஸும் சிறிசேன கையில்தான் இருந்தன. தாக்குதல் நடந்தபோது அவர் சிங்கப்பூரில் இருந்தார். பொறுப்பை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. திரும்பி வந்ததும் 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்று கையை விரித்தார். 'எனக்கும் தெரியாது' என்றார் பிரதமர். பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ பதவி விலகினார். பூஜித் விலக மறுத்து, கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். விலகினால் தூதர் பதவி தருவதாக அதிபர் ஆசை காட்டினார் என்று பிறகு நாடாளுமன்றக் குழுவிடம் அவர் சொன்னபோது மக்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கோபம் எங்கே போனது?

ஒரு பகுதி தப்பான திசையில் போனது. மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை, புத்தளம் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் கொல்லப்பட்டார். ஊரடங்கு இருந்தும் கும்பலை போலீஸ் தடுக்கவில்லை என்ற புகார் அப்போதும் எழுந்தது. ஜூனில் முஸ்லிம் அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகினார்கள்.

இன்னொரு பகுதி ஓட்டாக மாறியது. தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே கோத்தபய ராஜபக்ச அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். 'பாதுகாப்பு' என்பதே முழக்கம். நவம்பரில் ஜெயித்தார். 2021 பிப்ரவரியில் விசாரணை ஆணையத்தின் அறிக்கை அவர் கைக்கு வந்தது. சிறிசேன மீது குற்றவியல் நடவடிக்கை எடுக்கலாம் என்று அது சொன்னது. ஒன்றும் நகரவில்லை. சிறிசேன அப்போது ஆளுங்கூட்டணி எம்.பி. வெறுத்துப்போன கத்தோலிக்கர்கள் அடுத்த மாதமே ஒரு ஞாயிறன்று கறுப்பு உடையில் ஆலயத்துக்கு வந்தார்கள். கர்தினால் மல்கம் ரஞ்சித் அரசை வெளிப்படையாகவே விமர்சிக்கத் தொடங்கினார்.

யாருக்காவது தண்டனை கிடைத்ததா?

பூஜித், ஹேமசிறி இருவர் மீதும் தலா 855 குற்றச்சாட்டுகள். 2022 பிப்ரவரியில் கொழும்பு உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அடுத்த ஆண்டுதான் ஓரளவு ஆறுதல். 2023 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இவர்கள் மக்களின் அடிப்படை உரிமையை மீறிவிட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி இலங்கை ரூபாய், அதாவது அப்போதைய இந்திய மதிப்பில் சுமார் இரண்டேகால் கோடி, இழப்பீடு தர வேண்டும். பூஜித், நிலந்த தலா 7.5 கோடி, ஹேமசிறி 5 கோடி, மெண்டிஸ் 1 கோடி. முன்னாள் அதிபர் தவணை கேட்டார். ரணில் இதில் தப்பினார். அப்போது அவரே அதிபர், பதவியில் இருக்கும் அதிபர் மீது வழக்கு நடத்த முடியாது.

திட்டத்துக்குப் பின்னால் வேறு யாராவது இருந்தார்களா என்ற சந்தேகமும் தீரவில்லை. ராஜபக்ச குடும்பத்துக்கு நெருக்கமான உளவு அதிகாரி ஒருவருக்குத் தொடர்பு உண்டு என்று 2023-ல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. அந்த அதிகாரியும் கோத்தபயவும் அதை மறுத்தார்கள்.

முதல் எச்சரிக்கை வந்து சேர்ந்த நிலந்த ஜயவர்தன மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அந்தத் தீர்ப்பு சொல்லியிருந்தது. அவர் காவல் பணியில் மூத்த பதவியில் தொடர்ந்தார். பணிநீக்கம் செய்யப்பட்டது 2025 ஜூலையில். ஏப்ரல் 4 தகவல் அவருக்கு வந்து அதற்குள் ஆறு வருடம் தாண்டியிருந்தது.