கல்யாண முருங்கையைச் சாய்க்கும் கடுகுக் குளவி

மிளகுக் கொடி படர்ந்து நிற்கும் கல்யாண முருங்கையில் கொழுந்து சுருண்டு, இலைக் காம்பும் இளந்தண்டும் முண்டு முண்டாகப் புடைத்துக் காணப்பட்டால், சத்துக் குறைவு என்று எண்ணி உரமிடுவோர் உண்டு. உரம் வீண். அந்த முண்டுகளுக்குள் குளவிப் புழுக்கள் இருக்கின்றன.

குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டும் குளவி நினைவுக்கு வரும். இது கொட்டாது. நீளமே ஒன்றரை மில்லி மீட்டர்தான். பெண் கரும்பழுப்பு, ஆண் வெளிர் மஞ்சள். பெண் குளவி கொழுந்திலும் இளந்தண்டிலும் துளையிட்டு உள்ளே முட்டையைச் செருகி விடுகிறது. ஒரு குளவி 300க்கு மேல் முட்டையிடும். புழு தங்கிய இடம் வீங்குகிறது. அந்த வீக்கத்தையே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ 20 நாட்களில் ஊசித் துளை போட்டுக் கொண்டு வெளியேறுகிறது. இப்படித் தலைமுறை மேல் தலைமுறையாகத் தாக்கினால் இலை உதிர்ந்து மரமே பட்டுப்போகும். மரம் சாய்ந்தால், பல ஆண்டு காய்க்க வேண்டிய கொடியும் சேர்ந்து சாயும்.

இப்பூச்சி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் கிடைத்த குளவிகளைக் கொண்டு 2004ல் இதற்குப் பெயரிட்டனர். 2005ல் ஹவாய்த் தீவுகளில் புகுந்து அங்குள்ள முருக்க இன மரங்களை அழித்தது. 2006ல் கேரளத்தில் தென்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. ஹவாயில் இதன் புழுவைத் தின்னும் வேறொரு குளவியைத் தான்சானியாவிலிருந்து தருவித்து 2008ல் விட்டார்கள்.

புழு திசுவுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. அதோடு இது அடைக்கும் ஆட்டுக்கும் கிள்ளும் இலை. விஷம் தெளிப்பது தகாது. புடைத்த கிளைகளைத் துளை விழுமுன் வெட்டி, அன்றே எரித்துவிட வேண்டும். வெட்டி வரப்பில் போட்டால் குளவி அங்கிருந்தே கிளம்பும். நிழல் கழித்தபின் வரும் தளிரையே குளவி நாடுவதால், அந்தச் சமயம் மரத்தை அடிக்கடி பார்த்து வர வேண்டும்.

வெளியூரிலிருந்து போத்து வாங்குவோர் முண்டு உள்ளதா என்று பார்த்தே வாங்குவது நல்லது. தோட்டம் முழுவதும் முருங்கையாகவே வைக்காமல் இடையிடையே சில்வர் ஓக், கிளைரிசிடியா, பலா ஆகியவற்றையும் நடலாம். நலிந்த மரத்தின் அருகிலேயே மாற்று மரத்தை நட்டு, புதிதாக ஓடும் கொடிகளை அதில் ஏற்றிக் கட்டிவர வேண்டும். அது வளரும் வரை பழைய மரத்துக்கு முட்டுக் கொடுத்தால் போதும்.