கூகை: சொல்லும் வாழ்வும்

மொழியைப் பற்றிப் பேசும் மேடையில் ஒரு பறவையைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். ஓர் உயிரின்மீது நாம் இடும் பெயர், அவ்வுயிரை நாம் நடத்தும் முறையையும் வகுத்துவிடுகிறது. இதற்குக் கூகையினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. ஆதலின் அதன் பெயரையும் வாழ்வையும் ஒருசேர நோக்குவோம்.

கூகை என்பது பழஞ்சொல். தொல்காப்பிய மரபியல், 'அளகு' என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகக் கூறுகிறது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், கூகையைக் காக்கை பகலில் வெல்லும் என்னும் காட்சியோடு தொடங்குகிறது. புறநானூற்றுப் புலவர் ஒருவர் கூகைக்கோழியார் என்றே அறியப்படுகிறார். கன்னடத்தில் 'கூகெ', தெலுங்கில் 'கூப', மலையாளத்தில் 'கூமன்' என வழங்கும் சொற்களையும் சேர்த்து நோக்கினால், இவை ஒலிக்குறிப்பில் பிறந்தவை எனக் கருத இடமுண்டு.

இக்காலத் தமிழ்ப் பறவை நூல்கள் இதய வடிவ வெண்முகமுடைய ஆந்தையைக் கூகை என்கின்றன. ஆயின் அப்பறவை 'கூ' எனக் கூவுவதில்லை, நீளக் கிறீச்சிடுகிறது. எனவே, பழநூல்களில் வரும் கூகை எல்லாவிடத்தும் இதனையே குறிக்கும் எனக் கொள்ளலாகாது. இக்கட்டுரையில் கூகை என்பது வெண்முகப் பறவையையே சுட்டும்.

மக்கள் வழக்கில் ஆந்தைக்கு வேறொரு பெயரும் உண்டு, அது 'சாக்குருவி'. நாம் சிறுவராயிருந்த தோட்டப்புறத்தில் இரவில் ஏதேனும் ஒரு பறவை அலறினால், அச்சொல்லே முதலில் எழும். நோயாளி இருக்கும் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். இளைஞர் சிலர் கல்லெடுத்துக்கொண்டு வெளியே செல்வர். மலாய் மொழியிலும் ஆந்தைக்குப் 'பூருங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை என்னும் பெயர் உண்டு. எனினும் நம் கூகைக்கு மலாயில் உரிய தனிப்பெயர் 'புங்குக் ஜெலாபாங்'. ஜெலாபாங் என்பது நெற்களஞ்சியம். ஆங்கிலப் பெயரும் அதனைத் தானியக் கொட்டிலோடே இணைக்கிறது. ஒரு சொல் சாவைக் கண்டது. மற்றவை களஞ்சியத்தைக் கண்டன.

அச்சத்திற்குக் காரணமானவை யாவும் இப்பறவையின் இயல்புகளே. முதலாவது, ஓசையற்ற பறத்தல். சிறகின் முன்விளிம்பில் சீப்புப்போன்ற பற்களும், பின்விளிம்பில் மென்மையான இழைகளும், மேற்பரப்பில் பட்டுப்போன்ற தூவியும் அமைந்து காற்றின் இரைச்சலை அடக்குகின்றன. வருவது தெரியாமல் வந்து திடீரென அலறும் வெள்ளுருவம் அஞ்சத்தக்கதாய்த் தோன்றுவதில் வியப்பில்லை. இரண்டாவது, உறைவிடம். கூகை கூடு கட்டுவதில்லை. மரப்பொந்து, பாழ்மண்டபம், ஆளில்லாக் கட்டடம் ஆகியவற்றில் முட்டையிடும். பாழிடத்தில் பறவை வாழக் கண்டோர், பறவையால் இடம் பாழாயிற்று எனக் காரணத்தையும் விளைவையும் மாற்றிக்கொண்டனர்.

அவ்வெண்முகம் உண்மையில் ஒரு கேட்கும் கருவி. முகத்தட்டின் இறகுகள் ஒலியைத் திரட்டிச் செவிகளுக்குச் செலுத்துகின்றன. அச்செவித்துளைகளுள் ஒன்று சற்று மேலாகவும் மற்றொன்று சற்றுக் கீழாகவும் அமைந்துள்ளன. எலியின் சலசலப்பு இரு செவிகளையும் அடையும் காலத்தில் உள்ள நுண்ணிய வேறுபாடு அது இடப்புறமா வலப்புறமா என்பதைக் காட்டும். ஒலியின் வலிமையில் உள்ள வேறுபாடு மேலா கீழா என்பதைக் காட்டும். இவ்வாறு முழு இருளிலும் செவியொன்றாலேயே இரையைப் பற்றும் ஆற்றல் கூகைக்கு உண்டு. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்ந்த எரிக் நட்சன், மசகாசு கொனிஷி ஆகியோர், கூகையின் மூளையில் ஒலியின் இடங்களைக் குறிக்கும் ஒரு வரைபடமே இருப்பதை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

குடும்ப வாழ்வும் நோக்கத்தக்கது. பெண் கூகை பெரும்பாலும் நான்கு முதல் ஏழு முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடும். முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்குவதால் ஏறக்குறைய ஒரு மாதத்திற்குப் பின் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். ஆதலின் ஒரே பொந்தில் மூத்ததும் இளையதும் படிப்படியான அளவில் நிற்கும். இரை குறைந்தால் இளையது இறப்பதுண்டு. இரை மிகுந்தால் மூத்தது தன் பங்கை இளையதற்கு ஊட்டுவதும் உண்டு. பசித்த குஞ்சுகள் குறட்டைபோல் சீறும். பாழ்வீட்டில் பேய் மூச்சுவிடுகிறது எனக் கேட்டோர் அஞ்சியது இவ்வொலியையே ஆகலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் முன்னர்க் கூகை மிக அரிது. அது இங்கு இனப்பெருக்கம் செய்தமை 1960களின் இறுதியில்தான் பதிவாயிற்று. பால்மரக் காடுகள் செம்பனைத் தோட்டங்களாக மாறிய காலம் அது. செம்பனைக் குலைகள் எலிகளைப் பெருக்கின. எலிகள் கூகைக்கு உணவாயின. ஆயின் செம்பனையில் பொந்து இல்லை. அக்குறையைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் நிறுவிய மரப்பெட்டிகள் நீக்கின. நெல்வயல்களிலும் அம்முறை பின்பற்றப்படுகிறது. கூகை இரையை விழுங்கியபின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டியின் அடியில் கிடக்கும் அவ்வுருண்டைகளைப் பிரித்து ஆய்ந்தோர் கண்டவை பெரும்பான்மையும் எலியின் எலும்புகளே.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் முன்னோர் சாக்குருவி என்னும் சொல்லோடு கப்பலேறி வந்தபோது, இப்பறவை இத்தோட்டங்களில் பரவியிருக்கவில்லை. சொல் முன்னே வந்தது. பறவை பின்னே வந்தது. பயிரைக் காக்க வந்த பறவைக்குக் குற்றப்பெயர் முன்னரே காத்திருந்தது.

கல்லுக்குத் தப்பிய கூகைக்கு நஞ்சு காத்திருக்கிறது. வார்ஃபரினுக்கு எலிகள் பழகியபின் ப்ரோடிஃபாகும் போன்ற கடுநஞ்சுகள் வந்தன. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரியும். தளர்ந்த எலியே கூகைக்கு எளிய இரை. எலியின் உடலில் தங்கிய நஞ்சு கூகையையும் கொல்லும். எலியைக் குறைக்கப் பெட்டியும் வைத்து, அதே தோட்டத்தில் அந்நஞ்சும் வைப்பது வலக்கை செய்ததை இடக்கை அழிப்பதாகும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பில் எளிதாக நடத்தலாம். அருகில் தோட்டமிருப்பின் ஓர் உருண்டையைப் பெற்று, சூடேற்றித் தூய்மை செய்தபின் மாணவரைக் கொண்டு பிரித்துப் பார்க்கச் செய்க. எலியின் மண்டையோடுகளை அவர்களே எண்ணட்டும். எண்ணி முடித்தபின், இப்பறவைக்குச் சாக்குருவி என்பது தகுமா, வேறு பெயர் வேண்டுமா என வினவுக. விடையை மாணவரே கூறுவர். இருளில் ஒரு கிறீச்சொலி கேட்கும்போது, நம் பிள்ளைகளின் நாவில் முதலில் எழவேண்டிய சொல் கூகை என்பதே.